கேசட்டில் கத்திய காளை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சந்தோஷத்தில் நாற்காலியைக் கீழே தள்ளிக்கொண்டு எழுந்திருக்கிறேன். துபாயிலிருந்து வந்த ஒரு கடிதம் அதற்குக் காரணம். அது எனக்கு வந்த கடிதமும் இல்லை. ஒரு பெண்ணுக்கு அவள் புருஷன் எழுதியது. அதில் என்னைத் துள்ள வைத்த வரி ஒரு காளையைப் பற்றியது. அந்த வீட்டிலோ காளையே கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தேன். கும்பகோணத்திலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, சுற்றிலும் வயலாக இருந்த ஒரு ஊரில் மருந்தகம். ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, என்னைவிட இருபது வயது மூத்த ஒரு உதவியாளர். பொம்பளை மாட்டு டாக்டர் எப்படி இருப்பாள் என்று பார்க்க முதல் வாரம் மாடு இல்லாமலே சிலர் வந்தார்கள். உங்களுக்கு என்ன நோய், வாயைத் திறங்க, நாக்கைக் காட்டுங்க என்று கேட்டு அவர்களைத் துரத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். இங்கே நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டு ஆம்பளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். கூரை வீட்டுக்குப் பக்கத்திலேயே பாதி கட்டிய மாடி வீடு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். கடைத்தெருவில் மஞ்சள் பலகையோடு எஸ்டிடி பூத் வந்துவிட்டது. கொட்டகைகளில் நாட்டு மாடு போய் ஜெர்சிக் கலப்பு மாடு நின்றது. காளைக்கு விடுகிற வழக்கமும் குறைந்துபோய், மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் சினை ஊசி போட எங்களிடம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரில் அப்போது காளை என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மாதா கோயில் தெரு. புருஷன் துபாயில் கம்பி கட்டும் வேலை. மகள் பிறந்த இருபதாம் நாள் விமானம் ஏறியவர், நடுவில் ஒரே ஒரு முறை வந்து போயிருந்தார். மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பேச்சு இருந்தது. அவர்களுடைய செவலை மாடு மறுபடி கன்று போட்டுப் பால் கறக்க ஆரம்பித்தால், அவர் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுவார். இருக்கிற கொஞ்ச நிலமும் சொசைட்டிக்கு ஊற்றும் பாலும் மூன்று பேருக்குப் போதும் என்பது அவள் கணக்கு. இதை அவள் எனக்கு முதல் நாளே சொன்னாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த முதல் நாள் ஆடி மாதத்தில் ஒரு முகாம். வேப்பமரத்தடியில் மாடுகள் வரிசையாக நின்றன. சினை பார்ப்பது என்றால், தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்குடல் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்ப்பது. நாலு மாதச் சினை என்றால் கருப்பை இடுப்பெலும்பைத் தாண்டி வயிற்றுக்குள் சரிந்திருக்கும். எட்டித் துழாவினால் விரல் நுனியில் உருண்டையாக ஏதோ தட்டுப்படும். அதோடு கையை எடுத்துவிடக் கூடாது. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகிற நாளத்தை இரண்டு விரலில் பிடித்து அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். சினையாக இருந்தால் அந்த நாளம் வழக்கம்போல் துடிக்காமல், குழாயில் தண்ணீர் பாய்வதுபோல் சுர்ரென்று அதிரும். அந்த அதிர்வுதான் நிச்சயம்.

செவலையின் முறை வந்தபோது உச்சி வெயில். என் கை மரத்துப்போயிருந்தது. மூன்று முறை ஊசி போட்டதாகவும், கடைசி ஊசிக்குப் பிறகு நாலு மாதமாக மாடு பருவத்துக்கு வரவில்லை என்றும் அவள் சொன்னாள். கையை விட்டேன். கருப்பை சரிந்திருந்தது. விரல் நுனியில் உருண்டை தட்டியது. பின்னால் யாரோ, அந்தம்மாவுக்கு சாயந்தரம் வரைக்கும் ஒரு மாடுதான் போல என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. கையை வெளியே இழுத்துக்கொண்டு, சினை, நாலு மாசம், மார்கழியில் கன்று போடும் என்று சத்தமாகச் சொல்லி அட்டையிலும் எழுதினேன். நாளத்தைப் பிடித்துப் பார்க்கவில்லை.

அவள் நகரவில்லை. மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்குகிறது, இரண்டு தடவை நீளமாக்கிவிட்டேன், மாதா கோயில் எண்ணெய் தடவியும் வீக்கம் வடியவில்லை என்றாள். சினை மாடு உடம்பு வைக்காமல் என்ன செய்யும் என்று எரிந்து விழுந்தேன். அவள் சரிங்க என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். முகம் நிறையச் சிரிப்பு.

மறுபடி அவள் வந்தது புரட்டாசியில். மாடு இல்லாமல் வந்தாள். ஆறு மாதம் ஆகியும் மடி விடவே இல்லை, வயிறும் அப்படியே இருக்கிறது, பக்கத்து வீட்டு மாட்டின் மேல் ஏறுகிறது, கொட்டகைத் தரையைக் காலால் தோண்டித் தோண்டிக் குழியாக்கிவிட்டது என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, மாட்டு மேல் இருந்த கோபத்தைப் புருஷன் மேல் திருப்பினாள். இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

இந்த இடத்தில் கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் உயிர். டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அங்கே அறையில் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். மாடு சினை என்று நான் சொன்ன அன்றைக்கே அவள் கொட்டகையில் உட்கார்ந்து புருஷனுக்குப் பேசியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு அவர் எழுதியதுதான் அந்தக் கடிதம்.

"படிங்க டாக்டரம்மா. வெளிநாட்டுக்குப் போயி மனுசனுக்குக் காது போயிருச்சு."

படித்தேன். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, கடைசியில் இப்படி இருந்தது: 'கேசட்டுல நீ பேசையில மூணு எடத்துல காளை கத்துது. நம்ம கொட்டாயில யாரு காளையக் கட்டியிருக்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.'

"காளை ஏதும்மா?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். எங்க தெருவுலயே காளை கெடையாது. நம்ம செவலைதான் கத்துச்சு."

நாற்காலி விழுந்தது அப்போதுதான். உதவியாளர் உள்ளே இருந்து ஓடி வந்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கூடவே இருப்பவர்களுக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது தெரியாது. வளரும் பையனின் குரல் உடைவதை அவன் அம்மா கவனிப்பதில்லை, லீவுக்கு வரும் மாமாதான் கவனிப்பார். மாட்டோடு பிறந்து வளர்ந்து, இப்போது கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற ஒருவர் கேசட்டில் கேட்டுவிட்டுக் காளை என்கிறார். அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை. அது காளையின் குரலேதான். பசுவின் உடம்புக்குள் இருந்து வருகிறது. கழுத்து தடிக்கிறது, தரையைத் தோண்டுகிறது, மற்ற மாட்டின் மேல் ஏறுகிறது. பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு பத்தி இருந்தது. சினைப்பையில் வருகிற அபூர்வமான ஒரு கட்டி. சிலசமயம் அது ஆண் ஹார்மோனைச் சுரந்து பசுவைக் காளையாக்கிவிடும். பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எல்லோரும் தாண்டிப் போன பத்தி.

மொபெட்டில் அவளையும் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வாய்க்கால் கரையில் இரண்டு முறை விழப் பார்த்தோம். கொட்டகைக்குப் போய் நின்றதும் செவலை என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு கத்தியது. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். இதைத்தான் இரண்டு மாதமாகத் தெருவே பசு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கழுத்து, திமில் இருக்க வேண்டிய இடத்தில் பருத்துப் போயிருந்தது. ஆடி மாதம் அவள் கயிற்றைப் பற்றிச் சொன்னபோது நான் கண்ணைத் திருப்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

கையை விட்டேன். முதலில் நாளத்தைத்தான் பிடித்தேன். அமைதியாகத் துடித்தது. அதிர்வு இல்லை. கருப்பை காலி. இடது சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில், பெரிய தேங்காய் அளவுக்கு மேடும் பள்ளமுமாக ஒரு கட்டி தொங்கிக்கொண்டு கருப்பையையும் சேர்த்து வயிற்றுக்குள் இழுத்திருந்தது. ஆடி மாதம் நான் தொட்டுவிட்டுக் கன்று என்று சொன்னது இதைத்தான். வலது சினைப்பையைத் தேடிப் பிடித்தேன். பட்டாணிபோல் சுருங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் இப்படி வீங்கி, மறுபக்கம் இப்படி வற்றிப் போனால் அது அந்தக் கட்டிதான். சாணிக் கையோடு அங்கேயே ஆடலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆடினேன்.

"அப்ப கன்னு?" என்றாள் அவள்.

என் முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்போடுதான், சினை இல்லம்மா, கட்டி என்று சொன்னேன். அவள் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, கலைஞ்சிருச்சுங்களா என்று கேட்டாள். எனக்கு ஒரு வழி திறந்தது. ம் என்றேன். அந்த ஓர் எழுத்தில் என் தப்பை மூடிவிட்டேன். அன்றைக்கு இருந்த துள்ளலில் அது எனக்குப் பெரிதாகவும் படவில்லை.

கட்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரிடமாவது சொல்லிச் சரிபார்க்காவிட்டால் வெடித்துவிடுவேன். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் என் வகுப்புத் தோழி வேலை பார்த்தாள். திசுவை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன கட்டி என்று சொல்வது அவள் வேலை. எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். உள்ளே இடமில்லாமல் பெஞ்சில் ஆறேழு பெண்கள் வெளிநாட்டு லைனுக்காகக் காத்திருந்தார்கள். லைன் கரகரத்தது. நான் கத்தினேன். கழுத்து தடிச்சுப் போச்சுடி, குரல் ஆம்பளைக் குரலா மாறிடுச்சு, பக்கத்து வீட்டுல இருக்குறது மேல எல்லாம் ஏறுது, வெளியில விட முடியல என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சில் ஒரு சத்தம் இல்லை. பூத்துக்காரர் சில்லறை கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமலே, வீட்டுல யாருக்கும்மா என்று கேட்டார். மாட்டுக்குய்யா என்றேன். அந்த பெஞ்சு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

தோழி சொன்னது சுருக்கம். நீ சொல்றது சரின்னா அது நம்ம வகுப்புலயே யாரும் பாக்காத கட்டி, அறு, ரத்தக் குழாயை ரெண்டு முடிச்சாப் போடு, கட்டியை எனக்கு அனுப்பு. மறு சினைப்பை நல்லபடி இருந்தால், கட்டியை எடுத்த பிறகு அது விழித்துக்கொள்ளும், மாடு மறுபடி சினை பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்றாள்.

மறுநாள் நான் போனபோது கொட்டகை வாசலில் மாட்டுத் தரகர் நின்றுகொண்டிருந்தார். சினையும் இல்லை, பாலும் இல்லை, பசு காளையாகிவிட்டது என்றால் அது சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் அங்கிருந்து கேரளா லாரியில் ஏறும். அதில் தரகரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர் தொழில் அது. அவர் மாட்டைச் சுற்றி வந்து, என்னையும் ஒரு பார்வை பார்த்து, பொம்பளை டாக்டர் வந்த ஊர்ல பசுவும் காளையாத்தான் ஆகும் என்றார். வேறு நாளாக இருந்தால் அவர் துண்டு அவர் தோளில் இருந்திருக்காது. அன்றைக்கு எனக்கு நேரமில்லை. அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விலாவைக் கிழித்துக் கட்டியை எடுக்க வேண்டும். இதற்கு முன் மாட்டின் வயிற்றைத் திறந்து கன்றை எடுத்திருக்கிறேன், சினைப்பையை எடுத்ததில்லை. முடிச்சு நழுவினால் உள்ளே ரத்தம் கொட்டி மாடு செத்துப்போகும்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிழைத்தால் சினை பிடிக்குமா. பிடிக்கலாம் என்றேன். துபாய்க்குக் கேட்டு எழுதுவதானால் பதில் வர ஒரு மாதம் ஆகும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கொட்டகையில் வைத்து அறுக்கவும் முடியாது.

"இத வித்துட்டா அவரு வரமாட்டாருங்க. அறுத்துருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அறுத்தோம். கத்தி, கிடுக்கி எல்லாவற்றையும் அவள் வீட்டு இட்லிப் பானையில் வேகவைத்தோம். துணிகளையும் அதிலேயே. உதவியாளருக்கு இதில் சம்மதமே இல்லை. ஆனாலும் விலாவில் மயிரைச் சிரைத்து, மருந்து போட்டுத் தேய்த்து, அந்த இடத்தைப் பளபளவென்று ஆக்கியிருந்தார். மரப்பு ஊசி போட்டு மாட்டை நின்றபடியே வைத்துக்கொண்டேன். அவள் தலைப்பக்கம் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றாள். நான் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோல், அதற்கடியில் மூன்று அடுக்குத் தசை, கடைசியில் மெல்லிய சவ்வு. சவ்வு கிழிந்ததும் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. கையை விட்டேன். வெதுவெதுப்பான அந்த இருட்டுக்குள் விரல்கள் வழி தேடிப் போய்க் கட்டியைப் பிடித்தன. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் என் கல்யாணத்திலும் அனுபவித்ததில்லை, என் வீட்டுக்காரருக்கும் இது தெரியும். கட்டியை அறுத்த வாய்க்கு இழுத்து வந்து, தண்டில் என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஓடிய ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் வெளியே ஒன்று. வெட்டினேன். இரண்டு கையிலும் ஏந்தவேண்டிய கனம். உடனே உள்ளே போய் அறுத்த தண்டை விரலில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரம் கசிகிறதா என்று. அரை நிமிடம் நிற்க வேண்டும். நான் வெகு நேரம் நின்றேன். உள்ளே வச்ச பஞ்சை எண்ணியாச்சா அம்மா என்று உதவியாளர் மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் தையலுக்கு வந்தேன்.

மாடு நின்றபடியே நின்றது. கடைசித் தையல் போட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் வைக்கோலை இழுத்து மென்றது. வாழை இலையில் வைத்துக் கட்டியைக் குறுக்கே வெட்டினேன். உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக, மஞ்சளும் ரத்தச் சிவப்புமாக நீர் கோத்திருந்தது. புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தது. தெரு முழுக்க வந்து பார்த்தது. நான் ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் விளக்கினேன். ஒரு துண்டை, அழுகாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடிக்கு மேல் மெழுகை உருக்கி ஊற்றி, சென்னைக்குப் போகிற ஒரு தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினேன். உள்ளே என்ன என்று அவரிடம் சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனபோது தோழியின் கடிதம் என் பையில் இருந்தது. அதே கட்டிதான், பாட்டிலில் இன்னும் மாங்காய் வாசனை என்று எழுதியிருந்தாள். அதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கேசட் எனக்கு வேண்டும், அழிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்க, இந்த நோய்க்கு இப்படி ஒரு சாட்சி யாரிடமும் இருக்காது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, அவருக்கு எழுதிப் போட்டுட்டேங்க, இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் குனிந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்கு அவள் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கியது. மொபெட்டில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேகமாகப் போனேன்.

தை பிறந்த சில நாளில், காலையிலேயே மாட்டை ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்துவிட்டாள். கழுத்து இளைத்திருந்தது. மாடு கத்தியது. மெல்லிசான, நீளமான பசுக் குரல். உதவியாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சினை ஊசி போட்டேன். பிறகு அது கத்தவில்லை. வைகாசியில் பார்க்கப் போனேன். கையை விட்டதும் உருண்டை தட்டியது. அதை நம்பவில்லை. நாளத்தைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நின்றேன். விரலுக்கடியில் சுர்ரென்று ஓடியது. எடுத்துவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் அதே அதிர்வு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க முடியாது, ஒரு கை உள்ளே, மறு கையில் மாட்டு வால்.

ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வாங்க என்றேன். கொண்டுவந்து, பட்டனை அழுத்தி, என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மாட்டுக்குள் கை இருக்கும்போதே நான் துபாய்க்குப் பேசினேன்.

"டாக்டர் பேசுறேங்க. உங்க மாடு சினை. நாலு மாசம். இந்தத் தடவ நாளத்தைப் பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். போன தடவ நான் அதப் பாக்காமச் சொல்லிட்டேன். அப்ப சினையே இல்ல, கலையவும் இல்ல. தப்பு என்னுது."

அவள் பட்டனை நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க" என்றாள். "கலைஞ்சிருந்தா கொட்டாயில தெரியாமயா போகும்? நாந்தானே கூட்டுறேன்."

பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்கதானே அறுக்கணும். அன்னைக்கு அதப் பேசியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும்."

ஐப்பசி கடைசியில் அடை மழையில் செவலை கன்று போட்டது. காளைக் கன்று. கடிதத்தில் அவர் கேட்ட காளை கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது என்று தெருவே சொல்லிச் சிரித்தது. பால் நன்றாகவே கறந்தது. மாடு கன்று போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் வந்துவிட்டார். பெரிய அட்டைப் பெட்டி, கம்பளி, டார்ச் லைட். இனி போவதாக இல்லை என்று பாஸ்போர்ட்டைப் பீரோவுக்கு மேல் போட்டுவிட்டதாகச் சொன்னார். வெயிலில் கறுத்து, அதிகம் பேசாத மனிதர். நான் போனதும் எழுந்து நின்று கும்பிட்டார். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கேசட்டை எடுத்தார்.

"நீங்க கேட்டீங்கன்னு சொன்னா. அழிக்கலைங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உடனே போடச் சொன்னேன். நால்வரும் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓடத் தொடங்கியதும் அவள் குரல் வந்தது. அதற்குப் பின்னால், ஓ, அந்தக் கத்தல். எந்தச் சந்தேகமும் வேண்டாம். சுத்தமான காளை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். சாட்சி கிடைத்துவிட்டது.

திருப்பிப் போடுங்க என்று கேட்டேன். காளையை இன்னொரு முறை கேட்கத்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது முறை அந்தக் கத்தலுக்கு முன்னால் இருந்த பேச்சு எனக்குக் கேட்டது.

"என்னங்க, டாக்டரம்மா பாத்துட்டாங்க. சினைதான். மார்கழியில கன்னு போட்டுரும்னு சொன்னாங்க. நீங்க கையெழுத்துப் போட வேணாம். கிறிஸ்துமசுக்கு வந்துருங்க."

பிறகு காளை கத்தியது. சும்மா இரு, அப்பாக்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல என்று அவள் மாட்டை அதட்டுவது கேட்டது.

அவர் ரெக்கார்டரை நிறுத்தினார். "அந்தக் கிறிஸ்துமசுக்குப் பெட்டியெல்லாம் கட்டிட்டேங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மெஷினிடம் சுலபமாக வந்தது நேரில் வரவில்லை. ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டு, தப்பு என்னுதுங்க என்றேன்.

"அதான் கேசட்டுல சொல்லிட்டீங்களே" என்றார். கேசட்டை எடுத்து அதன் டப்பாவில் போட்டு என் பக்கம் நகர்த்தினார். "காப்பி ஆறுது. நம்ம மாட்டுப் பால்தான், குடிங்க."

குடித்தேன். நல்ல திக்கான காப்பி. அவள் டம்ளர் காலியாகும் வரை நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.